ஒரு பக்கத்து வெளிச்சம்

அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் வரைய ஆரம்பித்த மாம்பழம் எதுவும் முழுசாக முடிந்ததில்லை. பாதி வரைவதற்குள் தின்றுவிடுவாள்.

"ஏனுங்க அக்கா, வரைஞ்சாச்சுங்களா?" என்று கேட்பாள். பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள். மானிட்டருக்குப் பக்கத்தில் எவர்சில்வர் தட்டில் வைத்திருந்த பழம் காம்புப் பக்கம் கடிபட்டிருக்கும். சாறு அவள் முழங்கை வரைக்கும் வழிந்துகொண்டிருக்கும். என் திரையிலோ பாதி மஞ்சளும் மீதி வெறும் கோடுமாக ஒரு பழம் பரிதாபமாக நிற்கும்.

"இன்னும் நிழலே போடலயே, பாவி."

"அப்பச் சுருக்காப் போட்டிருக்கோணும். நிழலத்தான் முதல்ல போடோணும்னு எத்தன தடவ சொல்றது? பழம் காத்திருக்குமுங்களா?"

கொய்யா, சப்போட்டா, தக்காளி என்று நான் வாங்கிவந்த எல்லா மாடலுக்கும் இதே கதிதான். ஒருமுறை, இவள் என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று பாகற்காய் வாங்கிப் போனேன். தின்னவில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெரு ஒன்றில் இருந்தது நாங்கள் வேலை பார்த்த ஃப்ளெக்ஸ் கடை. அங்கே நான் எழுத்து, அவள் முகம். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் பெயர்களையும் ஊர்களையும் அடித்து, அடுக்கி, பெரியப்பா பெயர் சித்தப்பா பெயருக்குக் கீழே வந்துவிடாமல் காப்பாற்றுவது என் வேலை. ஃபோட்டோவில் இருக்கும் ஆட்களை வெட்டி, துடைத்து, அழகாக்கி, கேட்டால் ஓவியமாகவே மாற்றித் தருவது அவள் வேலை. எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்டக்கார வீட்டுப் பெண் என்பதால் பேச்சில் அந்தப் பக்கத்து மரியாதை இருக்கும். பேச்சில் மட்டும்தான் இருக்கும்.

அவள் எந்தப் படத்தையும் நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. என் படம் என்றில்லை, யார் படமானாலும் சரி. கடைக்கு வரும் ஆள் தன் பேனரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றால்கூட அவள் முகத்தில் ஒன்றும் அசையாது. அவளுக்குத் தெரிந்தது ஒரே கேள்விதான்.

"வெளிச்சம் எங்கிருந்துங்க வருது?"

நான் ஆசை ஆசையாக வரைந்து காட்டும் பூவுக்கும் அதே கேள்வி. தேநீர்க் கடையில் அண்ணன் டீயை ஆற்றும்போது அந்தப் பால் நுரையைப் பார்த்தும் அதே கேள்வி. எங்கள் கோயில் திருவிழாவுக்கு ஒருமுறை அழைத்துப் போனேன். சப்பரத்தில் மாதா வருகிறாள், கூட்டமெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. இவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அக்கா, மெழுகுவர்த்தி கீழ இருந்து வருதுங்க. அதனாலதான் சாமிக்கு மூக்குக்கு மேல நிழல் விழுது, பாத்தீங்களா?" என்றாள். பக்கத்தில் நின்ற என் அத்தை அவளை முறைத்த முறைப்பு இருக்கிறதே! ஆனால் அன்றைக்குத்தான், பிறந்ததில் இருந்து நான் பார்த்து வந்த அந்த முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். அதை அத்தையிடம் சொல்ல முடியுமா?

கடையில் இரண்டு பக்கச் சுவரிலும் ட்யூப் லைட் உண்டு. நாங்கள் பழம் வரையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் எழுந்துபோய் ஒரு பக்கத்து லைட்டை அணைத்துவிடுவாள். ஓனர் எட்டிப் பார்ப்பார்.

"ஏத்தா, கரண்டு பில்லு நான்தானே கட்டுறேன்? உனக்கென்ன அம்புட்டு அக்கறை?"

"ரெண்டு பக்கமும் லைட் இருந்தா பழம் தட்டையா இருக்குதுங்க சார்."

"பழம் தட்டையா இருந்தா எனக்கென்ன, உருண்டையா இருந்தா எனக்கென்ன? பேனர அடிங்கத்தா."

ஆனாலும் லைட்டைப் போடச் சொல்ல மாட்டார். அவளை விட்டால் அந்தக் கடையில் முகம் செய்ய ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நான் ஏன் நாற்பது வயதில் இந்தப் படம் வரைகிற வேலையில் இறங்கினேன் என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவள் வரைவதைப் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆசை வந்துவிட்டது. சேர்த்து வைத்து ஒரு பென் டேப்லட் வாங்கினேன். வயர் தொங்கும் கறுப்புப் பலகை. கை பலகையில் வரையும், கோடு எதிரே திரையில் வரும். முதல் வாரம் எனக்குத் தலை சுற்றியது. வட்டம் போட்டால் உருளைக்கிழங்கு வந்தது. கோடு போட்டால் மண்புழு நெளிந்தது. இது நமக்கு ஆகாது என்று பெட்டியில் திரும்ப வைக்கப் போனேன்.

"சைக்கிள் ஓட்டுனப்ப கீழ விழுந்தீங்களா இல்லீங்களா?" என்றாள்.

"எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதே."

செத்த நேரம் யோசித்தாள். "அப்ப தோசை? முதல் தோசை பிஞ்சுதா இல்லீங்களா? கல்லு சூடாகறதுக்குள்ள அடுப்ப அணைச்சா எப்படிங்க?"

பலகையைத் திரும்ப எடுத்து மேசையில் வைத்தேன்.

பிறகு எனக்கு வேறு பித்துப் பிடித்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற பிரஷ் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொண்டேன். முடிக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று, இலைக்கு ஒன்று, சருகான இலைக்குத் தனியாக ஒன்று. அவள் என் திரையைப் பார்த்தாள்.

"இத்தன வெளக்கமாறு எதுக்குங்க? வீட்டுல கூட்டறதுக்கு ஒண்ணு போதாதா?"

சொல்லிவிட்டு அத்தனையையும் மூடச் செய்து, வட்டமான ஒரே ஒரு பிரஷ்ஷை விட்டுவைத்தாள். கலரும் கிடையாது. கறுப்பு, வெள்ளை, நடுவில் சாம்பல், அவ்வளவுதான். மாசக் கணக்கில் நான் சாம்பல் நிறத்தில் கொய்யா வரைந்தேன். எங்கள் வீட்டில் என் கணவர் படத்தை எட்டிப் பார்த்து, "ஏதும் கெட்டுப்போன பழமா?" என்று கேட்டார். கலரைக் கேட்டு நான் சண்டை போடும்போதெல்லாம் அவள் சொல்வது ஒன்றுதான்: "இருட்டும் வெளிச்சமும் சரியா விழுந்துட்டா, நீங்க என்ன கலரப் போட்டாலும் அது பழந்தானுங்க. அது விழலைன்னா எந்தக் கலரப் போட்டாலும் ஸ்டிக்கருங்க."

கிட்டப் போய்க் கண்ணிமையில் ஒவ்வொரு முடியாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், என் நாற்காலியைப் பின்னால் இழுத்துவிடுவாள். படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சின்னதாக்கிப் பார்க்கச் சொல்வாள். இடவலமாகப் புரட்டிப் போடச் சொல்வாள். புரட்டியதும் ஒரு கண் காதுக்குப் போயிருப்பது தெரியும். அலறுவேன். "பாத்துட்டீங்கல்ல, இனி திருத்துவீங்க" என்று தன் வேலைக்குத் திரும்பிவிடுவாள். ஒரு தடவைகூட என் பேனாவை வாங்கி என் படத்தில் ஒரு கோடு போட்டதில்லை. அப்போது அது எனக்குத் திமிராகத் தெரிந்தது.

திமிரும் இருந்தது, மறைப்பானேன். என் சார்ஜரைக் கேட்காமல் எடுத்துப் போவாள். ஸ்கூட்டி துடைக்கிற துணியை என் மேசையில் காயப்போடுவாள். எல்லாம் தெரிந்தவள் மாதிரி பேசுகிற அவளுக்குக் கை வரைய வராது. சுத்தமாக வராது. விரல்கள் வாழைப்பழச் சீப்பு மாதிரி வந்து நிற்கும். அதனால் அவள் செய்த பெண்கள் எல்லோரும் பூங்கொத்துக்குப் பின்னால் கையை ஒளித்துக்கொண்டிருப்பார்கள். ஆண்களுக்கு அவள் கண்டுபிடித்த வழி இன்னும் சுலபம். ஓனரைக் கும்பிடச் சொல்லி ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்திருந்தாள். மோதிரத்தை மட்டும் அழித்துவிட்டு எல்லாருக்கும் அதையே ஒட்டிவிடுவாள். அந்த வருஷம் ஊரில் பேனரில் வணக்கம் சொன்ன பெரிய மனிதர்கள் அத்தனை பேருக்கும் எங்கள் ஓனரின் கைதான். ஓனர் பஸ்ஸில் போகும்போது தன் கையை எண்ணிக்கொண்டு வருவதாகப் பெருமையாகச் சொல்வார்.

இந்த வெளிச்சப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். நிலக்கோட்டைக்கு என் அக்கா வீட்டுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் படத் தூங்கிக்கொண்டிருந்த ஆளைக் காட்டி, "அந்த அண்ணனுக்குப் பாதி மூக்குதாங்க இருக்குது, மீதிய நம்ம மனசே போட்டுக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் கேள்வியைக் கேட்டதும் அந்த ஆளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

விடிவதற்கு முன்பே மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்ற வேண்டும். நல்லது, சொத்தை பிரிக்கிற வேலை பிள்ளைகளுக்கு. அப்பா டார்ச் பிடிப்பார். பெட்டிக்கு நேராகப் பிடிக்க மாட்டார், பக்கவாட்டில் இருந்து சாய்த்துப் பிடிப்பார்.

"நேரா அடிச்சா எல்லாத் தக்காளியும் நல்ல தக்காளிதானுங்க. பளபளன்னு இருக்கும். ஒரு பக்கமா அடிச்சாத்தான் எது அமுங்கியிருக்குது, எது நசுங்கியிருக்குதுன்னு தெரியும். நான் சின்ன வயசுல நேராப் புடிச்சு அடி வாங்கியிருக்கேன்."

சொல்லிவிட்டுத் திரும்பவும் அந்த ஆளின் பாதி மூக்கைப் பார்க்கப் போய்விட்டாள். நிலக்கோட்டையில் இறங்கி, அக்கா கொடுத்த காப்பியைக் குடித்து, அக்கா மகளுக்கு ஒரு முழத்துக்கு இரண்டு முழமாக மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் திரும்பினாள். எங்கள் வீட்டு விஷயத்தில் அவள் நுழைந்தது அப்படித்தான்.

என் அக்காவின் வீட்டுக்காரரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். நிலக்கோட்டையில் இருந்து பூ மூட்டை ஏற்றிப் போகும் வேன் அவருடையது. மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவர் போன பிறகு ஒரு மழைக்காலத்தில் ஓடு ஒழுகி, பீரோவுக்கு மேலிருந்த கல்யாண ஆல்பம் நனைந்து, படங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் பிரிக்க முகங்கள் உரிந்து வந்தன. கடைசியில் மிஞ்சியது டிரைவிங் லைசென்ஸுக்காக எடுத்த ஒரு சின்ன ஃபோட்டோ மட்டும்தான். நேருக்கு நேர் ஃப்ளாஷ் அடித்து, அப்பளம் மாதிரி தட்டையாக ஒரு முகம். அக்கா மகள் அதைத்தான் அப்பா என்று பார்த்து வளர்ந்தாள்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒருநாள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"சித்தி, இப்பல்லாம் மண்டப வாசல்ல ஆளு உயரத்துக்குப் படம் வைக்கிறாங்கல்ல. அந்த மாதிரி அப்பா படம் ஒண்ணு வரைஞ்சு தாரியா? அவரு பக்கத்துல நின்னு ஒரே ஒரு ஃபோட்டோ எடுத்துக்கிறேன். இதுவரைக்கும் எடுத்ததே இல்ல."

வரைந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. நான் அதுவரை உருப்படியாக வரைந்தது நாலைந்து சாம்பல் கொய்யா.

ராப்பகலாக உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலிக்காரியிடம் காட்டவில்லை. கேள்வி கேட்டுக் கொல்வாள் என்று பயம். அந்த லைசென்ஸ் ஃபோட்டோவைப் பெரிதாக்கி அதன்மேலேயே வரைந்தேன். மூடி வைத்த பிரஷ்களை எல்லாம் திறந்தேன். தோலை வழுவழுவென்று இழைத்தேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் "கொஞ்சம் கலர் ஏத்தி விடுங்க" என்று கேட்டுக் கேட்டு எங்களுக்கு அது கைப்பழக்கம் ஆகிவிட்டது. உயிரோடு இருப்பவரானாலும் சரி, கண்ணீர் அஞ்சலியானாலும் சரி, ஒரு சுற்று வெளுக்காமல் யாரும் எங்கள் கடைப்படி இறங்கியதில்லை. வெயிலிலும் பனியிலும் வேன் ஓட்டிக் கறுத்த அத்தானையும் நான் வெளுத்தேன். கண்ணில் ஒரு பளபளப்பு வைத்தேன். முடித்துப் பார்த்தபோது எனக்கே பெருமை தாங்கவில்லை. அக்காவைக் கடைக்கு வரச் சொன்னேன்.

அக்கா கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான்டி இருக்கு" என்றாள். அப்புறம் கேட்டாள்: "யாரு இது?"

கேலிக்குக் கேட்கவில்லை. கடையில் நடக்கிற ஏதோ வேலை, வேறு யாருடைய படமோ என்று நினைத்துவிட்டாள். நான் சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. "அப்படியா, அப்படியா" என்று சொல்லிக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன் என்று கிளம்பிவிட்டாள்.

நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. வழக்கமான கேள்வி வரும் என்று காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவளோ ஒரு கொய்யாப்பழத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவள் தன் பழத்தை இன்னொருத்திக்குக் கொடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நீயே வரைஞ்சு குடுத்துரு, தாயி. உன் கால்ல வேணும்னாலும் விழுகிறேன்" என்றேன்.

"நான் போட்டா அது கடைப் படமுங்க அக்கா. உங்க அத்தானை நான் பாத்ததில்லீங்க. நீங்க பாத்திருக்கீங்க."

"பாத்தது மறந்துபோச்சே!"

"மறக்கலீங்க. வெளிச்சம் இல்லாம இருக்குது." லைசென்ஸ் ஃபோட்டோவைக் கையில் எடுத்தாள். "இது நேரா அடிச்ச டார்ச்சுங்க. இதுல ஒண்ணும் தெரியாது. சரி, இந்தப் படம் எங்க நிக்கப்போகுதுங்க?"

மண்டப வாசல் போர்டிகோவில் என்றேன். பொண்ணு எத்தனை மணிக்கு அங்கே வரும் என்றாள். கோயிலில் பூசை முடிந்து பதினோரு மணிக்கு என்றேன்.

"அப்பப் பதினோரு மணிக்குப் போய்ப் பாக்கோணும்."

மறுநாள் ஓனரிடம் ஏதோ பொய் சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் போனோம். வாட்ச்மேன் எங்களைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போர்டிகோவில் தெருப் பக்கம் திறப்பு, மறுபக்கம் சுவர். அத்தான் நிற்கப்போகும் இடத்தில் அவள் போய் விறைப்பாக நின்றாள்.

"என் மூஞ்சியப் பாருங்க. எந்தக் கன்னம் இருட்டு?"

"சுவத்துப் பக்கம்."

"கண்ணுக்குக் கீழ?"

"குழி மாதிரி நிழல் விழுது."

"இப்ப உங்க அத்தான் இங்க நிக்கறாருங்க. தெருவுல இருந்து வெளிச்சம் வருது. மகளும் பக்கத்துல நிக்குது. அதுக்கும் அதே வெளிச்சந்தான். ரெண்டு பேருக்கும் வெளிச்சம் ஒண்ணா இருந்தா, ரெண்டு பேரும் ஒரே எடத்துல நிக்கறாங்கன்னு அர்த்தமுங்க. வேற வேறயா இருந்தா ஒருத்தரு அட்டை."

அவள் அதைச் சும்மா, கடை வேலை பேசுவது மாதிரிதான் சொன்னாள். நான் ஒரு படம் வரைவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ அவர்கள் இருவரையும் ஒரே இடத்தில் நிற்க வைக்க வழி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா அவரு மூஞ்சியில நிழல் எப்படி விழும்னு யாரைப் பாத்து வரையிறது?"

"அவர மாதிரி யாராச்சும் உசுரோட இருக்காங்களா?" என்று பட்டென்று கேட்டாள்.

அத்தானுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. யோசித்துக்கொண்டே நின்றேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. அக்கா மகள் அடம்பிடிக்கிற போதெல்லாம் அக்கா சொல்வது அதுதானே: "அப்படியே அப்பன் மூஞ்சி!" அந்தப் பெண்ணுக்கு அது பிடிக்காது. அந்த ஃபோட்டோவில் இருக்கிறவருக்கும் தனக்கும் என்ன ஒற்றுமை என்று சண்டைக்கு வருவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிலக்கோட்டையில் அக்கா வீட்டு வாசல்படியில், தெரு வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி அக்கா மகளை உட்கார வைத்தேன். உன்னைத்தான் வரையப் பழகுகிறேன் என்று சொல்லி வைத்தேன். "சித்தி, ஃபோன் பாத்துக்கிறவா?" என்று சலித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்தேன். புருவ மேட்டில் இருந்து இறங்கி, மூக்குத் தண்டில் தடுக்கி, மேல் உதட்டின் ஓரத்தில் போய் நிற்கிற அந்த நிழல். அத்தான் வேனில் இருந்து குனிந்து, "ஏ சின்னக்குட்டி, ஸ்கூலுக்கு வாரியா?" என்று என்னைக் கூப்பிடும்போது இருந்த அதே நிழல். மறந்துபோகவில்லை. எல்லாம் உள்ளேதான் இருந்தது. கண்ணீர் வந்து பாதி நேரம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒரே பிரஷ். முதலில் சாம்பல். பிறகுதான் கலர். அவருடைய கறுப்பு நிறத்தை அப்படியே வைத்தேன். கைக்கு வந்தபோது மட்டும் மாட்டிக்கொண்டேன். பூங்கொத்துக்குப் பின்னால் ஒளிக்கலாமா என்று அவளையே கேட்டேன்.

"எனக்கு வராதுங்க. அதனால ஒளிக்கறேன். உங்களுக்கு என்ன கேடு? கை எங்க கெடைக்குதோ அங்க போய்ப் பாருங்க."

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் போய் நின்றேன். ஈரச்சாக்கு தூக்குகிற கைகள், கொடுக்கிற கைகள், சும்மா இடுப்பில் ஊன்றியிருக்கிற கைகள். வெட்கத்தை விட்டு ஃபோனிலேயே விரலால் கிறுக்கிக் கிறுக்கிப் பழகினேன். மூட்டை தூக்கி முட்டி பெருத்த ஒரு வலது கையை, விரல்கள் லேசாக மடங்கித் தொங்கும்படி, வேட்டி ஓரத்தில் வரைந்தேன்.

முடித்ததும் அக்காவைத் திரும்பவும் கடைக்கு வரச் சொன்னேன். இந்தத் தடவை அக்கா கண்ணாடியைத் துடைக்கவில்லை. திரைக்குக் கிட்டே போனாள். மோவாயில் ஓரிடத்தைத் தொட்டாள்.

"இங்கன ஒரு தழும்பு இருக்கும்டி. வேன் கதவு பட்டது. அந்த ஃபோட்டோவுல தெரியாது" என்றாள்.

அந்தத் தழும்பை நான் போட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து நாற்காலியில் அவள் யாருக்கோ ஓனரின் கையை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் அவள் கடையை விட்டுப் பெங்களூருக்குப் போனாள். வீடியோ கேம் செய்கிற கம்பெனி ஒன்றில், ஆளில்லாத தெருக்களிலும் பாழடைந்த கோட்டைகளிலும் வெளிச்சம் போடுகிற வேலை. இன்றைக்கு நான் வீட்டிலேயே படம் வரைந்து பிழைக்கிறேன். வாரத்தில் சில நாள் நாலைந்து பெண்கள் என்னிடம் கற்றுக்கொள்ளவும் வருகிறார்கள். எந்த டேப்லட் வாங்க, எந்த பிரஷ் நல்லது என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நான் போய் ஒரு பக்கத்து லைட்டை அணைக்கிறேன். எனக்கென்று ஒரு தொழில், என் பேச்சைக் கேட்க நாலு பேர், தெருவில் நடந்தால் பார்க்க ஆயிரம் விஷயம் என்று இவ்வளவையும் அவள் எனக்குக் கொடுத்தாள். என்னைப் பெற்றவர்களுக்கு அடுத்தபடி நான் நன்றிக்கடன் பட்டிருப்பது அவளுக்குத்தான். ஃபோனில் இதைச் சொல்லப்போனால், "ஏனுங்க, காய்ச்சலுங்களா?" என்று கேட்பாள்.

அக்கா மகளின் கல்யாணத்தன்று அவள் மண்டபத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டாள். எல்லோரும் கோயிலில் இருந்தார்கள். நான் மட்டும் படத்தைச் சரியாக நிறுத்துவதற்காக முன்னால் வந்திருந்தேன். அவள் படத்துக்குக் கிட்டே வரவில்லை. தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள். பிறகு வந்தாள். கேள்விக்காக நான் காத்திருந்தேன். அவள் குனிந்து, வேட்டி ஓரத்தில் தொங்கிய அந்தக் கையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கை நல்லாருக்குதுங்க அக்கா" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் பேண்ட் வாத்தியச் சத்தம் கேட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் இருந்து இறங்கினார்கள். அக்கா மகள் படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மாப்பிள்ளையின் கையை விட்டுவிட்டு, தயங்கி வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். ஃபோட்டோகிராஃபர் கேமராவைத் தூக்கினார். மேலே பெரிய ஃப்ளாஷ்.

"ஏனுங்க! நிறுத்துங்க!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடியவள், கேமராவின் மேலே இருந்த ஃப்ளாஷைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"யாரும்மா நீ? கைய எடு!"

"இத அணைங்க. நேரா அடிச்சா ரெண்டு பேரும் தட்டையாப் போயிருவாங்க. தெருவுல இருந்து வெளிச்சம் வருதுல்லங்க? அது போதும்."

"இருட்டடிக்கும்மா."

"அடிக்காதுங்க. நான் இதே நேரத்துக்கு வந்து பாத்திருக்கேன்."

மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். ஃபோட்டோகிராஃபர் என்னைப் பார்த்தார். அணைத்துவிடுங்கள் என்று கும்பிட்டேன். தலையில் அடித்துக்கொண்டு ஃப்ளாஷைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு எடுத்தார்.

எடுத்ததைக் கேமராவின் பின்பக்கத்துச் சின்னத் திரையில் காட்டினார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதில் இரண்டு பேர் நின்றார்கள். தெரு வெளிச்சம் இரண்டு பேருக்கும் ஒரே கன்னத்தில் விழுந்திருந்தது. ஒரே புருவம், ஒரே மூக்கு, மேல் உதட்டு ஓரத்தில் வந்து நிற்கிற ஒரே நிழல். அதில் யார் படம், யார் ஆள் என்று எனக்கே ஒரு நொடி தெரியவில்லை. அக்கா மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சித்தி" என்றாள். "நெசமாவே அப்பா என்னைய மாதிரிதான் இருக்காரு."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஃப்ளாஷைப் பொத்திய அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ளலாம் என்று திரும்பினேன். ஆள் இல்லை. முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தாள்.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நத்தத்துச் சொந்தக்காரர் ஒருவர் தோப்பில் இருந்து கூடை கூடையாக மாம்பழம் கொண்டுவந்து இறக்கியிருந்ததால் இலைக்கு ஒரு துண்டு வைத்திருந்தார்கள். அவள் தன்னுடையதை ஏற்கெனவே முடித்திருந்தாள். என்னென்னவோ சொல்ல நினைத்து வந்தேன். என் இலையில் இருந்த துண்டை எடுத்து அவள் இலையில் வைத்தேன்.

அவள் அதைக் கொஞ்சம் தள்ளி, ஜன்னல் வெளிச்சம் படுகிற மாதிரி வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"வரைஞ்சாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.